அன்றைய நிருபர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடி மிஸ் என்று பேர். வைத்தவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் தோலை உரித்திருப்பாள். ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம். இருபத்திரண்டு வருஷமாகக் கையில் மர ஸ்கேல், மூக்குக்கு மேலே கோபம். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், பாடம் நடத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அடியும் பாட்டும் அவளுக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அப்பா லாரி டிரைவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகள் படித்தே தீர வேண்டும் என்று வெறி. சாயங்காலம் வந்ததும் பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவள் பாட்டை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால் முதுகில் ஒன்று விழும். தடுமாறாமல் சொன்னாலும் சில நாள் விழும், சரியாகச் சொன்னாளா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாட்டெல்லாம் இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் வரும். “அடி வாங்கித்தான் ஆளானேன்” என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை பேசுவாள். அட, அதை மனசார நம்பவும் செய்தாள்.

கவிதையை எடுத்தால் அவள் கேட்பது ஒன்றே ஒன்று. “இந்த ஆளு எதைத் திரும்பத் திரும்பச் சொல்றாரு? ஏன்?” உரைநடைக்கு வழி வேறு. வகுப்புக்கு ஒரு நீள நோட்டு, தினம் ஒரு பிள்ளை நிருபர். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவ்வளவுதான் எழுதலாம். மணியும் எண்ணிக்கையும் கட்டாயம். பாவம், கொடுமை, அழகு என்று ஒரு சொல் வந்தாலும் சிவப்புக் கோடு. “உன் அபிப்பிராயத்தை வீட்டுலயே வெச்சுட்டு வா” என்பாள். அவளிடம் படித்த பிள்ளைகள் ஒரு பத்திரிகைச் செய்தியை அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைப் பாடம், ஒருவர் தன் அம்மாவைப் பற்றி எழுதிய கவிதை. தலை வாரிய கை, துணி துவைத்த கை, கதவைச் சாத்திய கை என்று பதினாறு வரியிலும் கைதான். “எதுக்கு இத்தனை கை?” என்று கேட்டாள். வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் பையன் எழுந்தான்.

“அம்மா அடிப்பாங்க போல மிஸ். அதான் இவரு மூஞ்சியப் பாக்காம கையையே பாத்துக்கிட்டு இருக்காரு.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தன்னைத்தான் நக்கலடிக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்புறம் கண்மண் தெரியவில்லை. நிதானம் வந்தபோது பையன் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் அவன் அம்மா அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை கல்வி அதிகாரி விசாரணைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. சனிக்கிழமை காலையில் ஹெட்மாஸ்டர் போன் செய்தார்.

“பசங்ககிட்ட சொல்லி வெச்சுட்டேன் மிஸ். பெஞ்சுல இடிச்சுக்கிட்டான்னு சொல்லிடுவாங்க. உங்க நிருபர் நோட்டுதான் உதைக்குது. காணாமப் போச்சுன்னு சொல்லிடுங்க. இல்லேன்னா வேலை போயிடும், பாத்துக்கங்க.”

நோட்டு அவள் பையில்தான் இருந்தது. மதியம் அடுப்படி மேஜையில் வைத்துத் திறந்தாள். அன்றைய நிருபர் குண்டூசி, மூன்றாவது பெஞ்சில் இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும் ஒல்லிப் பெண்.

‘11.25. அவன் “அம்மா அடிப்பாங்க போல மிஸ். அதான் இவரு மூஞ்சியப் பாக்காம கையையே பாத்துக்கிட்டு இருக்காரு” என்று பதில் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. மிஸ் ஸ்கேலால் ஆறு முறை அடித்தார். நான்காவது அடியில் ஸ்கேல் உடைந்தது. மீதி இரண்டும் உடைந்த பாதியால். மிஸ் “கைய நீட்டுடா” என்றார். அவன் ஏற்கெனவே கையை நீட்டியிருந்தான். பிறகு கையால் காதில் ஒன்று. அவன் விழுந்தான். காலரில் சட்டைப் பொத்தான் அளவு ரத்தம். 11.28. மிஸ் அடுத்த வரியை வாசிக்கச் சொன்னார். யாரும் வாசிக்கவில்லை.’

திருத்துவதற்கு ஓரிடம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பக்கம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை, கிடைத்தது இதுவா! மேலே போய்ப் பையனின் பதிலை மறுபடி படித்தாள். சரியான பதில். அவள் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டு அவன் கண்டுபிடித்த பதில். அவளுக்கு அப்பாவின் பெல்ட் பக்கிளில் இருந்த கீறல்வரை ஞாபகம் இருந்தது. அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பஸ் டெப்போ மெக்கானிக்கான அவள் புருஷன் கை கழுவ உள்ளே வந்தான். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன்.

“கிழிச்சுடட்டுமாங்க?” என்றாள்.

“கிழிச்சுக்கோ. நான் காலைலயே படிச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு அவன் வாசல் பக்கம் போய்விட்டான். அவள் கிழிக்கவில்லை. கொடுப்பதாகவும் முடிவு செய்யவில்லை.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அறையில் அதிகாரி, பையனின் அம்மா, அவள். ஒவ்வொரு பிள்ளையும் வந்து “பெஞ்சுல இடிச்சுக்கிட்டான் சார்” என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுப் போனது. பையனின் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“நோட்டுல எழுதுவாங்களாமே சார், எம் புள்ள சொல்லியிருக்கான். அதக் கேளுங்க.”

ஹெட்மாஸ்டர் கண்ணால் ஜாடை காட்டினார். காணோம் என்று சொல்ல வாய் திறந்தவள் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதிகாரி படித்தார், குண்டூசியைக் கூப்பிட்டார்.

“நீ எழுதினதாம்மா? நடந்ததா இது?”

குண்டூசி ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள்.

“இல்ல சார். அது... கவிதை. சும்மா கற்பனை பண்ணி எழுதினேன்.”

“பாத்தீங்களா சார், புள்ளைங்க கற்பனையை!” என்று ஹெட்மாஸ்டர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதிகாரி பேனாவை மூடினார். பையனின் அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வேலை தப்பித்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சத்தியமாக அந்த நிமிஷத்தில் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தாள். நல்ல பெண், என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று உருகிப்போய், தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினாள்.

குண்டூசி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டாள்.

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“சார்,” என்றாள், “அது கவிதை இல்ல. அப்படியே நடந்தது. ஆறும் ஒண்ணும், அவ எண்ணினது சரி. அந்தப் பையன் சொன்ன பதிலும் சரி.”

“மிஸ், யோசிச்சுப் பேசுங்க!” ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“இதுக்கு முன்னாடியும் அடிச்சிருக்கீங்களா?”

அவள் குண்டூசியைத் தொடாமல் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

“இருபத்திரண்டு வருஷம் சார். எந்த வருஷத்துலேர்ந்து சொல்லட்டும்?”