ஒரு மணலை மீனும் ஒரு ஜெர்மன்காரரும்

போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு, கடலின் நடுவே ஒரு மணலை மீன் தானாகத் துள்ளி எங்கள் வள்ளத்துக்குள் விழுந்தது. நல்ல கொழுத்த மீன். அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்தார்... ஒரு தரம் பார்த்தார்... திரும்பக் கடலுக்குள் விட்டுவிட்டார்.

மீன் பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர்!

"ஏனப்பா?" என்றேன்.

"இண்டைக்கு ஞாயிறு. நாங்கள் படிக்கப் போறம், மீன் பிடிக்கப் போகேல்லை."

'நாங்கள்' என்றாரே, கவனித்தீர்களா? அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் மாதச் சம்பளம் எடுத்தவளும் நான். இதை எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன் - பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மீன் பிழைத்துப் போனதற்குக் காரணம் ஒரு ஜெர்மன்காரர். கதை கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

நான் வேலணையில் கணிதம் படிப்பிக்கிறேன். பல்கலைக்கழகம் போகாமல் வெளிவாரியாகப் பட்டம் எடுக்க ஆசை. பரீட்சை நெருங்கி வருகிறது; புத்தகத்தோடு தனியே மல்லுக்கட்டியும் தலையில் ஏறாத பகுதி ஒன்று இன்னும் கிடக்கிறது. அதைச் சொல்லித்தர யாழ்ப்பாணத்தில் ஒரு விரிவுரையாளர் சம்மதித்தார். அவருக்கு நேரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் போகும் பண்ணைப் பாதை சண்டையால் மூடிக் கிடக்கிறது. எங்கள் அல்லைப்பிட்டியிலிருந்து கடலால் அராலிக்குப் போய், அங்கிருந்து சைக்கிளில் போகவேண்டும். வள்ளம் அப்பாவிடம் இருக்கிறது. பிறகென்ன?

பிறகுதான் எல்லாம்! எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. நாங்கள் கத்தோலிக்கர்; அது ஆண்டவருடைய நாள். மீறினால் அந்த வள்ளம் ஏழு நாள், முழுக் கிழமையும், கரையில் கிடக்கவேண்டும். ஒரு கிழமை வள்ளம் கிடந்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று மீனவர் வீட்டுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

பூசை முடிந்து ஆண்கள் எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்றபோது அப்பா மெல்ல அனுமதி கேட்டார். மறுத்தவர் சூசை மாமா. கரையில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"இண்டைக்குப் படிப்பு எண்டு ஒரு வள்ளம் போகும், பவுல். வாற கிழமை கலியாணவீடு எண்டு ரெண்டு போகும். பிறகு தூண்டிலைக் கொண்டு போவாங்கள். கேட்டால், சும்மா கையில வச்சிருக்கிறம் எண்டுவாங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்தார். ஓரமாக நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, ஞாயிற்றுக்கிழமைப் படிப்பை நான் புதுசாக் கண்டுபிடிக்கேல்லை. போன நூற்றாண்டில ஜெர்மனியில ஒரு பெரிய கணிதக்காரர் அப்பிடித்தான் படிப்பிச்சவர்" என்றேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதினால் அச்சுக்கோப்பவர் என்னோடு கோபிப்பார். அதனால் விடுவோம். ஆனால் அன்று முற்றத்தில் நான் சொன்ன அவருடைய கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

அவரை அரசாங்க உத்தியோகத்தன் ஆக்கவேண்டும் என்று தகப்பனுக்கு ஆசை. சட்டம் படிக்க அனுப்பினார். மகன் நாலு வருடம் வாள் சண்டை பழகி, பியர் குடித்து, பட்டம் இல்லாமல் வீடு திரும்பினார்.

"அப்ப எங்கட அந்தோனிக்கும் ஒரு வழி இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தோனி அண்ணையும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு சின்னச் சின்ன ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. கணிதம் மட்டுமா? உடற்பயிற்சி, கையெழுத்து எல்லாம் அவர் தலையில்தான். (எனக்கும் போன தவணை உடற்பயிற்சிப் பாடம் தந்தார்கள். நான் மறுபேச்சுப் பேசாமல் விசிலை வாங்கிக்கொண்டேன் - யாருடைய வழியில் போகிறேன் என்று எனக்குத் தெரியும்!) பெரிய கணிதக்காரர் ஒருவரும் பக்கத்தில் இல்லை. பேசவும் ஆள் இல்லை. பல வருடங்கள் தனியே கணிதம் செய்துகொண்டிருந்தார். நாற்பதை எட்டும் வயதில் ஒரு கட்டுரை வெளிவந்தது. யார் இந்த வாத்தியார் என்று ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. பரீட்சை வைக்காமலே ஒரு பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அடுத்தது பெர்லினில் பேராசிரியர் பதவி.

அங்கே அவரைத் தேடி ரஷ்யாவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பெண்களை உள்ளே எடுக்கமாட்டோம் என்றது பல்கலைக்கழகம். அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டுக்கு வரச்சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில்!

சூசை மாமா நெற்றியைச் சுருக்கினார்.

"அந்த மனிசன் என்ன சமயம்?"

"கத்தோலிக்கர், மாமா. எங்கட கோயில்தான்."



"பூசைக்குப் பிறகுதானே படிப்பிச்சவர்?"

"பின்னேரத்தில எண்டு வாசிச்சனான்."

"அப்ப பூசைக்குப் பிறகுதான்" என்று அவரே தீர்ப்பு எழுதினார். "சரி. வலை ஏறக்கூடாது. தூண்டில் ஏறக்கூடாது. வரேக்குள்ள வள்ளத்தில ஒரு செதில் கண்டனோ, அதோட சரி!"

அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரங்களில் சூசை மாமா கரையில் காத்திருந்து, வள்ளத்தின் உட்பலகையைக் கையால் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. போய்விடுவார்.

அந்த மணலை மீன் துள்ளிய நாளில், என் பையின் ஓரத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. சின்னவிரல் நகத்தளவுதான்.

"இதென்ன, பிள்ளை?"

"மீன் தானா விழுந்தது, மாமா. அப்பா திருப்பி விட்டிட்டார்."

"தானா விழுந்ததோ!"

"சத்தியமா, சூசையண்ணை. மணலை துள்ளுறது உங்களுக்குத் தெரியாததே?" என்றார் அப்பா.

"துள்ளும் எண்டது தெரியும். துள்ளினது எண்டது தெரியாது. வாற ஞாயிறு நானும் ஏறுறன். கண்டால்தான் நம்புவன்."

அந்தக் கிழமை முழுக்க எனக்குள் எரிந்தது. பரீட்சையும் பட்டமும் ஒரு செதிலில் தொங்குவதா? பிறகு ஒருநாள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஜெர்மன்காரர் ஆயுள் முழுக்கச் செய்ததும் சூசை மாமா செய்வதைத்தானே! கண்ணுக்கு அப்படித் தெரிகிறது, ஆகவே அப்படித்தான் என்று மற்றவர்கள் கணிதம் செய்த காலத்தில், காட்டு பார்ப்போம் என்று நின்றவர் அவர். எங்கும் அறாமல் ஓடும் ஒரு கோடு, ஆனால் ஓர் இடத்தில்கூட வழுவழுப்பில்லை, எல்லா இடமும் முறிவு... அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றார்கள். இருக்கிறது என்று நிரூபித்துக் காட்டினார்.

நிரூபணம் கேட்கிறவர்களை எல்லோருக்கும் பிடிக்கும் - நம்மிடம் கேட்காதவரைக்கும்.

போன ஞாயிறு சூசை மாமா ஏறினார். வள்ளத்தின் முன்னணியத்தில் குந்தி, கண் வெட்டாமல் தண்ணீரையே பார்த்தார். அப்பாவும் பார்த்தார். நானும். ஒரு மீனாவது துள்ளவேண்டுமே! ஒரு குஞ்சு மீன்கூடத் தலைகாட்டவில்லை.

விரிவுரையாளர் வீட்டில் மாமாவுக்கு வாசலோரம் ஒரு கதிரை போட்டார்கள். பாடம் முடியும்வரை அசையவில்லை. நான் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவினேன்.

"ஏன்?" என்றார் விரிவுரையாளர்.

"அது தெரியுதுதானே, சேர்."

"தெரியுறது மட்டும் காணாது. காட்டும்."

வாசல் பக்கம் ஒரு பலத்த செருமல். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வரும்போதும் கடல் பேசாமல் கிடந்தது. கரை தெரியத் தொடங்கியது. அப்பா துடுப்பைப் பிடித்தபடி என்னைப் பார்க்கவேயில்லை. என் படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"பவுல்" என்றார் சூசை மாமா.

"சொல்லுங்கோ, அண்ணை."

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா அந்தச் சேர் இவளை ஒரு இடத்தில தன்னும் சும்மா போக விடேல்லை, கண்டனியோ? அது சரியான ஆள்." அப்பாவின் பக்கம் திரும்பிக் குந்தினார். "வாற ஞாயிறு என்ர கடைசிப் பெட்டையையும் ஏத்து. அவளும் கணக்குப் படிக்கவேணும் எண்டுதான் ஒற்றைக்காலில நிக்கிறாள்."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"மீன் துள்ளேல்லையே, மாமா?"

அவர் என்னை, படிக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இண்டைக்குத் துள்ளேல்லை எண்டதுக்காக, அண்டைக்கும் துள்ளேல்லை எண்டு சொல்லேலுமே?"

ஜெர்மன்காரர் இதைக் கேட்டிருந்தால், தன் கதிரையை மாமாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருப்பார்.