இரண்டாவது முனை

நான் படப்பையில் கல்யாண வீடியோ எடுப்பவன். சேரப்பணஞ்சேரியில் ஒரு கல்யாணம் முடிந்த சில நாட்களிலேயே பெண்ணின் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். "அவர ஒரு தரம் பாக்கணும்" என்று அவர் மனைவி கூப்பிட்டனுப்பினார். லேப்டாப்பும் சின்ன ஹார்ட் டிஸ்க்குமாகப் போனேன். கேமரா கார்டை அழித்திருந்ததால் கல்யாணம் முழுவதும் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

உறவினர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். வயரைச் செருகினேன். டிஸ்க் 'டிக் டிக்' என்றதே தவிர திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி செருகினாலும் அதே சத்தம். கடையில் வைத்துப் பார்க்கிறேன் என்று எழுந்தேன். ஒரகடம் கம்பெனி ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் வாசலை மறித்து நின்றார்.

"இன்னாபா, அழிச்சிட்டியா? படத்த காட்டாம எங்க போற?"

உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு முனைகளாகப் பிரியும் வயர் அது; தடவியபோது அதன் இரண்டாவது முனை கையில் பட்டது. ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு ஒரு முனையே போதுமென்பதால் அதைச் சுருட்டிக் கட்டியிருந்தேன். லேப்டாப்பின் ஒரு போர்ட் தரும் மின்சாரம் பற்றவில்லையோ? மவுஸைப் பிடுங்கிவிட்டு அங்கே இதைச் செருகினேன். டிக் டிக் நின்று, டிஸ்க் சீராகச் சுற்றியது.

திரையில் பெண்ணின் அப்பா பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். "நிறுத்தாத தம்பி" என்றார் அந்த அம்மா. தாய்மாமன் வாசலை விட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் இரண்டு முனைகளையும் செருகிய பிறகே டிஸ்க்கைத் திறக்கிறேன். இன்னொரு நகல் எடுக்காமல் எந்த வீட்டுக் கல்யாணத்தையும் கார்டிலிருந்து அழிப்பதில்லை.