டிக்கெட் ஜன்னலில் ரஞ்சிதா

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டக்கலைக் கல்லூரி. அங்கே ஆசிரியையாக இருந்த வசந்தாமணிக்குப் பாடம் நடத்துவதோடு இன்னொரு பொறுப்பும் உண்டு. கடைசி வருட மாணவர்களுக்குப் பொதுப் பூங்காக்களில் பயிற்சி இடம் பிடித்துத் தருவது. "ஒரு புள்ளைக்காவது எடங் குடுங்க சார்" என்று எந்த அதிகாரியிடமும் கேட்க அவள் கூச்சப்பட்டதில்லை. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டதென்று கல்லூரி முதல்வர் கூட்டத்தில் சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

அந்த வருடம் ரஞ்சிதா என்ற மாணவிக்கு மலைமேல் இருந்த பெரிய பூங்கா கிடைத்தது. அவள் அம்மா அங்காளம்மாள் கெங்கவல்லியில் மரவள்ளிக் காடுகளில் கூலிக்குப் போகிறவள். வயசுப் பெண்ணை மூன்று மாதம் மலையில் விடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். வசந்தாமணி நேரிலேயே போய்ப் பேசினாள்.

"நானிருக்கறனுங்க. செடிக்கு ஒட்டுக் கட்டறதுல இருந்து எல்லாங் கத்துக்கிட்டு வரும். என்னைய நம்பி அனுப்புங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் அங்காளம்மாள் அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து வசந்தாமணி பூங்காவுக்குப் போனாள். வாசலில் டிக்கெட் ஜன்னலுக்குள் ரஞ்சிதா உட்கார்ந்திருந்தாள்.

"வந்ததுலருந்து இங்கதான் மேடம். செடிப்பக்கமே விடல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"இரு சாமி, கேக்கறேன்" என்று உள்ளே போனாள்.

பூங்கா அதிகாரி சிவபிரகாஷ் டீ வரவழைத்தார். "உங்க காலேஜ் பொண்ணு பொறுப்பா இருக்கு. அடுத்த வருசம் அஞ்சு பேரா அனுப்புங்க" என்றார். அந்தப் பூங்காவில் ஒரு இடம் வாங்கவே அவள் நாலு தடவை அலைந்திருந்தாள். ரஞ்சிதாவைப் பற்றிக் கேட்டால் அதுவும் போய்விடுமோ என்று தோன்றியது. "ரொம்ப நன்றிங்க சார்" என்று எழுந்து வந்தாள்.

"கேட்டீங்களா மேடம்?"

"கொஞ்ச நாளுதான, அனுசரிச்சுப் போ சாமி. எல்லாமே அனுபவந்தான்."

ரஞ்சிதா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தாள்.

அடுத்த வாரம் அங்காளம்மாள் போன் செய்தாள். பக்கத்துக் காடுகளில் கூலி வேலை செய்யும் பெண்களோடு வேன் பிடித்து மகளைப் பார்க்கப் போய்விட்டு வந்திருக்கிறாள். குரலில் அவ்வளவு குதூகலம்.

"டீச்சரம்மா, கெவுர்மெண்டு ஆபீசர் மாதிரி உக்காந்து டிக்கெட்டு குடுக்குது எம்பொண்ணு! கூட வந்தவளுங்க வாயடைச்சுப் போயிட்டாளுங்க. நீங்க நல்லா இருக்கணும் தாயி."

வசந்தாமணி "வகுப்புக்கு நேரமாச்சுங்க" என்று போனை வைத்தாள். அங்காளம்மாள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அன்று வகுப்பில் ஒட்டுக் கட்டுவதைப் பற்றிப் பாடம். கத்தியைப் பிடித்துத் தண்டைச் சீவிக்கொண்டிருந்தவளுக்குப் பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. தலைவலி என்று சொல்லிப் பாதியில் முடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மறுபடி மலையேறினாள். இந்தத் தடவை உட்காராமலே பேசினாள்.

"சார், அந்தப் புள்ள செடி வேலை படிக்க வந்ததுங்க. டிக்கெட் கிழிக்க நான் அனுப்பலைங்க. போன தடவையே சொல்லியிருக்கோணும். சொல்லாதது என்னோட தப்புங்க."

சிவபிரகாஷ் முகம் சிவந்துவிட்டது. "ஆள் பத்தாத இடத்துல நான் என்ன பண்றது? சரி, மிச்ச நாளைக்கு நாற்றங்காலுக்கு அனுப்பறேன். ஆனா அடுத்த வருசம் உங்க காலேஜ்ல இருந்து யாரும் வேணாம்."

"சரிங்க சார்."

நாற்றங்காலில் ரஞ்சிதா பையில் மண் நிரப்பத் தொடங்கியிருந்தாள். வசந்தாமணி பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னைய மன்னிச்சுரு சாமி."

"அன்னைக்கே கேட்டிருந்தீங்கன்னா இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டிருப்பேன் மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்தாள்.

மறுவருடம் கூட்டத்தில் ஐந்து பேருக்கு இடமில்லை என்று முதல்வர் எல்லோர் முன்னும் கடிந்துகொண்டார். வசந்தாமணி எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள். அது அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. டிக்கெட் ஜன்னலில் மகளின் பயிற்சிதான் வீணானது என்ற உண்மை அங்காளம்மாளுக்கு மட்டும் இன்னும் தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் போன் போட்டு, "உங்க புண்ணியத்துல" என்று ஆரம்பிப்பாள். இவள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.