கட்டைவிரலில் பிழிந்த பச்சிலை

எங்கள் வீட்டுத் தறியில் சந்தன நிற முகூர்த்தப் பட்டு முடியும் நிலையில் இருந்தது. மாலையில் எடுத்துப்போக ஆள் வருவார். அறுந்த இழையைப் பிளேடால் நறுக்கும்போது அம்மாவின் கட்டைவிரலில் வெட்டு விழுந்தது. விரலைவிடச் சேலைக்காகத்தான் பதறினாள்.

"ஒரு சொட்டு பட்டாலும் சேலை போச்சுடி!"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். கிணற்றடியில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்த வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கழுவி, உள்ளங்கையில் கசக்கி, காயத்தின் மேல் சாற்றைப் பிழிந்தேன்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க, தள்ளி நில்லுங்கப்பா," என்றார் அப்பா.

"எரியுதுடி பாவி!" என்று அம்மா கத்தினாள்.

அவள் திட்டி முடிப்பதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் தினமும் மிதித்து நடக்கும் ஒரு செடி இதைச் செய்ததை என்னால் நம்ப முடியவில்லை.

அம்மா உடனே தறியில் உட்காரவில்லை. துணி சுற்றினால் விரலுக்கு இழை தெரியாது. அதனால் வெள்ளைக் கழிவுப் பட்டு நூலைக் காயத்தில் ஒற்றிப் பார்த்தாள். நூலில் பச்சை ஏறியது.

"ரத்தம் நின்னுச்சு, இப்ப இது வந்துக்கினு இருக்குது பாரு."

சாறு நன்றாகக் காயும்வரை காத்திருந்து மறுபடி ஒற்றினாள். மூவரும் அந்த நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். வெள்ளையாகவே இருந்தது.

அம்மா தறிக்குழியில் இறங்கி நெய்ய உட்கார்ந்தாள். என் உள்ளங்கை இன்னும் பச்சையாக இருந்தது. அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.