நாலு மொட்டுக்கு ஒரு முடிச்சு

பூக்கடையில் நிற்கும்போது நான் முழத்தைப் பார்ப்பதில்லை, முடிச்சைத்தான் பார்ப்பேன். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நடுவில் வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் ஒரு கண்ணி. நாலு மொட்டுக்கு ஒரு முடிச்சு. இப்போது நாருக்குப் பதில் நூல் வந்துவிட்டது. கண்ணிக்குக் கண்ணி ஒரு விரற்கடை இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். கேட்டால், “வேணும்னா வாங்கு, இல்லன்னா போய்க்கினே இரு” என்று பதில் வருகிறது. நானும் சளைக்காமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த முடிச்சைப் பார்த்தால் எனக்குத் தலையில் வைத்துக்கொள்ளும் ஆசை வருவதில்லை. சூரியன் ஞாபகம்தான் வரும். கூடவே கரி எஞ்சின் ரயிலும், அதில் எனக்கு எதிரே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்த லேப் அக்காவும்.

அது எழுபதுகளின் தொடக்கம். செவ்வாப்பேட்டையில் ஏறிப் பட்டணத்தில் இறங்கி, ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டுத் திரும்புகிற பிழைப்பு எனக்கு. மின்சார ரயில் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று வரும், காற்றோடு எஞ்சினின் கரித்தூளும் வரும். வெளுத்த சேலையில் ஏறுகிறவள் அழுக்குச் சேலையில் இறங்குவாள். பெண்கள் பெட்டியில் கையைச் சும்மா வைத்துக்கொண்டு வருகிறவளைப் பார்க்கவே முடியாது. நான் ஒயர் கூடை பின்னுவேன். அந்த நாளில் ஊரே ஒயர் கூடை பின்னிற்று, வாங்கத்தான் ஆளில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸம்மா குரோஷா ஊசியோடு உட்காருவார். அவர் பக்கத்தில், தரையில் கூடையை வைத்துக்கொண்டு, பூக்கார அத்தை. திருவள்ளூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மொட்டு வாங்கி ஏறினால், வண்டி பட்டணம் சேர்வதற்குள் அத்தனையும் சரமாகிவிடும். பெட்டியே மணக்கும். ஆனால் ஒரு மொட்டு கேட்டுவிடக் கூடாது. நான் ஒருமுறை ஆசைப்பட்டுக் கை நீட்டினேன், பட்டென்று தட்டிவிட்டாள். “போணி ஆவாம யாருக்கும் ஓசி கெடையாது. மகாலட்சுமியே வந்தாலும் காசு குட்த்துட்டு அப்பால வெச்சிக்கட்டும்” என்றாள். முதல் விற்பனை ஓசியில் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது அவளுக்கு வேதவாக்கு.

லேப் அக்கா திருவள்ளூரிலிருந்து வருகிறவள். ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகச் சோதனைச் சாலையில் வேலை. மாணவிகளுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்து, அவர்கள் உடைத்ததற்குப் பதில் சொல்கிற உத்தியோகம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் காலை மூக்கும் கண்ணும் சிவந்து உட்கார்ந்திருந்தாள். கரித்தூள் விழுந்துவிட்டது என்றாள். “கரித்தூள் விழுந்தா கண்ணு சிவக்கும், மூக்குமா சிவக்கும்?” என்று நர்ஸம்மா கேட்டதும் உடைந்துவிட்டாள். வானொலியில் சூரியனைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. சூரியன் எப்படி எரிகிறது என்று எழுதிக்கொண்டு குரல் தேர்வுக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த அதிகாரி கேட்டு முடித்துவிட்டு, பாடப் புத்தகம் பேசியது கேட்டது, நீங்கள் எப்போது பேசப் போகிறீர்கள் என்றாராம். இன்னும் ஒரே ஒரு முறை, மாதக் கடைசியில் வந்து படித்துக் காட்டலாம், அதோடு சரி. கல்லூரியில் பேராசிரியர் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். தமிழில் பாட்டு எழுதலாம், பௌதிகம் எழுத முடியாது என்று நான் சொன்னேனே என்றாராம். அதிகாரி சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளைச் சுட்டது. “இந்தத் தடவையும் போச்சுன்னா அவர் சொன்னதே சரின்னு ஆயிடும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்” என்றாள்.

எங்களிடம் படித்துக் காட்டச் சொன்னோம். தயங்கித் தயங்கிக் காகிதத்தை எடுத்தாள். வண்டி வேப்பம்பட்டைத் தாண்டும்போது ஆரம்பித்தாள். அணுக்கருப் பிணைப்பின் விளைவாக நிறையானது ஆற்றலாக மாற்றமடைகின்றது என்று போயிற்று. முதலில் நர்ஸம்மாவின் ஊசி நின்றது. பிறகு என் ஒயர் நின்றது. கடைசியில், பேய்மழையிலும் நிற்காத அத்தையின் விரல்கள்கூட நாரோடு அப்படியே நின்றுவிட்டன. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கிறோமாம். படித்து முடித்ததும் ஆவலோடு எங்களைப் பார்த்தாள். நர்ஸம்மா கணக்குத் தப்பிப்போன பின்னலைப் பிரித்துக்கொண்டே நன்றாக இருந்தது என்று தலையாட்டினார். அத்தைக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

“கை நின்னா புரியலன்னு அர்த்தம்மா” என்றாள். “புரிஞ்சா கை பாட்டுக்கு ஓடும், காது பாட்டுக்குக் கேக்கும். நீ சொன்னதுல என் கைக்கு இன்னா செய்றதுன்னே தெரில.”

நர்ஸம்மாவும் உடனே கட்சி மாறினார். தலையை நம்பாதே, தலையை நான் டாக்டருக்கே தினமும் ஆட்டுகிறேன் என்றார். அக்கா முதலில் வெலவெலத்துப் போனாலும், மறுநாள் அவளாகவே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். காகிதத்தை உள்ளே வைத்துவிட்டாள். எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அந்த மாதம் முழுக்க எங்கள் பெட்டியில் சூரியனுக்குத்தான் வேலை. எந்த வார்த்தையில் என் ஒயர் நிற்கிறதோ அந்த வார்த்தை அன்றைக்கே செத்தது. ‘நிறை’ போய் ‘எடை’ வந்தது. ‘மாற்றமடைகின்றது’ திருநின்றவூர் வருவதற்குள் காலி.

முதலில் பிடிபட்டது கரி. நம் வண்டி எஞ்சினுக்கு வழியெல்லாம் கரி அள்ளிப் போடுகிறார்கள், சூரியனுக்கு யார் போடுகிறார்கள் என்று அக்கா கேட்டாள். சூரியன் முழுக்கக் கரியாகவே இருந்திருந்தால் சில ஆயிரம் வருஷங்களில் எரிந்து சாம்பலாகியிருக்குமாம். நம் ஊர்ப் பாறைகளுக்கே அதைவிட வயது அதிகம். அப்படியென்றால் சூரியன் எரியவே இல்லை, அங்கே நடப்பது வேறு என்றாள். எங்கள் கைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அடுத்தது நெரிசல். சூரியனின் நடுவில் இருப்பவை ஹைட்ரஜன் என்னும் மிகச் சின்னப் பொடிகள், ஒன்றையொன்று கண்டால் ஆகாது, கிட்டே வந்தாலே தள்ளிவிடும். ஆனால் மேலே கிடக்கிற சூரியனின் பாரமெல்லாம் சேர்ந்து நடுவை அழுத்துகிறது. சூடு ஒன்றரைக் கோடி டிகிரி. அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் ஒட்டாதவையும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. திங்கட்கிழமை ஆவடியில் கூட்டம் ஏறும்போது மாமியாரும் மருமகளும் ஒட்டி நிற்பது போல என்று நர்ஸம்மா எடுத்துக் கொடுத்தார். அதையும் அக்கா சேர்த்துக்கொண்டாள்.

தடுக்கியது அதற்கடுத்த இடத்தில்தான். நாலு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகிறது, அப்போது வெளிச்சம் வருகிறது. இதை எப்படிச் சொன்னாலும் கைகள் நின்றன. நாலு சேர்ந்தால் நாலாகத்தானே இருக்க வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வந்தது? மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெறுமனே அத்தையின் விரல்களைப் பார்த்திருந்தாள். இரண்டு மொட்டு, இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. திடீரென்று நிமிர்ந்தாள். “அத்தை, ஒரு முடிச்சுக்கு எத்தனை மொட்டு?” என்று கேட்டாள். இது தெரியாதா என்பதுபோல அத்தை பார்த்தாள், நாலு என்றாள். “நாலையும் ஒரே நேரத்துல வைப்பீங்களா?” மொதல்ல ரெண்டு, அப்பால ரெண்டு என்றாள் அத்தை. அக்கா கிட்டத்தட்ட எழுந்தே நின்றுவிட்டாள். சூரியனிலும் நாலும் ஒரே நேரத்தில் சேர்வதில்லையாம். முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் படிப்படியாகச் சேர்ந்துதான் கடைசியில் ஹீலியம் என்ற கண்ணி விழுகிறதாம். அப்படிக் கட்டியபின் எடை போட்டால் தனித்தனியாக இருந்ததைவிட ஆயிரத்தில் ஏழு பங்கு குறைகிறதாம்.

“கொறஞ்சது எங்க போச்சு?” என்றாள் அத்தை, கை நிற்காமல்.

“அதுதான் அத்தை வெளிச்சம்.”

அத்தை இன்னும் இரண்டு கண்ணி கட்டினாள். பிறகு, “வாசனன்னு சொல்லு” என்றாள். “இந்தப் பொட்டி பூரா மணக்குது பாரு, அதுவும் பூவுலேருந்து போனதுதான? அப்ப சூரியன் எரியல. கட்டிக்கினு கீது.”

என் கூடை அன்றைக்கு நாலு வரிசை ஏறியது. அக்கா அழுதாள், சிரித்தாள், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை கெடுகிறது என்று அத்தை கையை உதறிக்கொண்டாள். சூரியனின் கூடை எப்போது காலியாகும் என்று நர்ஸம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. பாதிதான் கட்டியிருக்கிறது, இன்னும் சில நூறு கோடி வருஷத்துக்குப் பூ இருக்கிறது என்றாள் அக்கா. அப்போ அவசரமில்லை என்று அவரும் பின்னலைத் தொடர்ந்தார்.

ஆனால் மறுநாளே அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. வானொலி நிலையத்தில் போய்ப் பூக்கட்டுவதைப் பற்றிப் பேசினால் சிரிக்க மாட்டார்களா, பேராசிரியர் காதுக்குப் போனால் மானம் போகாதா என்றாள். பழைய காகிதத்தையே திருத்தி எடுத்துப் போவதாகச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். ஒரு மாதம் எங்கள் கையைப் பார்த்துப் படித்துவிட்டு இப்போது அவர் முகத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். “சூரியனே வெக்கமில்லாம கட்டிக்கினு கீதாம், உங்களுக்கு இன்னாக்கா வெக்கம்?” என்றும் கேட்டேன். பெட்டியே சிரித்தது. அக்கா பழைய காகிதத்தை எடுத்தாள், கிழித்தாள், ஜன்னலுக்கு வெளியே விட்டாள். எங்கள் எஞ்சின் புகையோடு அது பட்டாபிராம் பக்கம் பறந்து போயிற்று.

தேர்வில் என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். பாதி பேசும்போது அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டாராம். அக்காவுக்கு உயிரே போய்விட்டதாம், கை நின்றால் புரியவில்லை என்றல்லவா கணக்கு. அவரோ பேனாவை மூடி வைத்துவிட்டு, இதில் திருத்த ஒன்றுமில்லை, அப்படியே பதிவு செய்துவிடலாம் என்றாராம். கைக்கணக்கு தப்புவதும் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

ஒலிபரப்பு ஒரு காலை நேரத்தில், செய்திக்குப் பிறகு. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் வண்டியில்தான் இருப்போம். நர்ஸம்மா தன் வீட்டுக்காரரின் டிரான்சிஸ்டரை அவருக்குத் தெரியாமல் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். ஓடுகிற வண்டியில் அது கரகரவென்று இரைந்ததே தவிர ஒரு வார்த்தை தெளிவாக வரவில்லை. செய்தி முடிந்தது, அறிவிப்பு வந்தது, அக்காவின் பெயர் பாதி கேட்டது, பாதி இரைச்சலில் போயிற்று. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் பட்டணத்துக்கு முன்னால் தினமும் எங்கள் உயிரை வாங்குகிற அந்தச் சிக்னலில் வண்டி நின்றது. அத்தனை வருஷம் அந்தச் சிக்னலைச் சபித்த வாயால் அன்றைக்கு வாழ்த்தினேன். டிரான்சிஸ்டரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். இரைச்சல் அடங்கி, அக்காவின் குரல் தெள்ளத் தெளிவாக வந்தது. நம் ரயில் எஞ்சினுக்குக் கரி போடுகிறார்கள், சூரியனுக்கு யார் போடுகிறார்கள்?

எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா எங்கள் கைகளைப் பார்த்தாள். பெட்டியில் எங்களைத் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஒருத்தி மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள், ஒருத்தி அவசரமாக இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். கரி வந்தது, ஆவடி நெரிசல் வந்தது, நாலு மொட்டு வந்தது. ஒரு கை நிற்கவில்லை. கடைசியில் வானொலியிலிருந்து அந்த வாக்கியம் வந்தது: “சூரியன் எரியவில்லை, கட்டிக்கொண்டிருக்கிறது, அதன் வாசனைதான் நம் முற்றத்தில் விழுகிற வெயில்.” அப்போது பூக்கார அத்தையின் கை நின்றது.

அக்கா பதறிவிட்டாள். “புரியலையா அத்தை?”

அத்தை கட்டியிருந்த சரத்திலிருந்து தாராளமாக ஒரு முழம் அளந்து, நாரைப் பல்லால் கடித்துத் துண்டித்து, எழுந்து போய் அக்காவின் பின்னலில் வைத்தாள். காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. கூடையிலிருந்து ஒரு மொட்டும் இன்னும் விற்கவில்லை. போணி ஆகலையே அத்தை என்று நான்தான் வாய்விட்டேன்.

“ஆயிடுச்சி” என்றாள் அத்தை. “இன்னிக்கிப் போணி சூரியனுக்கு.”

வண்டி கிளம்பிவிட்டது. யார் முதலில் கை தட்டியது என்று தெரியாது, இட்லிக் கையோடு ஒருத்தி தட்டினாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு அத்தையின் வியாபாரம் படுக்கவில்லை, மதியத்துக்குள் கூடை காலி என்று சாயங்காலம் பெருமையடித்துக்கொண்டாள். அக்கா அதன்பிறகு சந்திரனைப் பற்றி, வால் நட்சத்திரத்தைப் பற்றி, பல வருஷம் வானொலியில் பேசினாள். ஒவ்வொன்றும் முதலில் எங்கள் கையில் தேறித்தான் போயிற்று. தமிழில் பௌதிகம் எழுத முடியாது என்ற பேராசிரியர், தன் கல்லூரி விழாவுக்கே அவளைப் பேச அழைத்தார். அவள் போனாள், அங்கேயும் பூக்கட்டுவதைப் பற்றித்தான் பேசினாள்.

போன வாரம் செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் பூ வாங்கினேன். வண்டிகள் இப்போது புகையில்லாமல் வந்து போகின்றன. பூக்காரப் பெண் கூடையைத் திறந்த கையோடு, நீதாம்மா மொதல்ல, நல்ல கையா போணி பண்ணு என்றாள். காசைக் கொடுத்துச் சரத்தை வாங்கி, வழக்கப்படி கண்ணியை எண்ணிச் சண்டை போட வாயெடுத்தேன். கிழக்கே தண்டவாளத்துக்கு மேல் சூரியன் ஏறி, வெயில் முகத்தில் விழுந்தது. சண்டையை விட்டுவிட்டேன். எனக்கு முன்னாலேயே எழுந்து, பாதிக் கூடையை மிச்சம் வைத்துக்கொண்டு, அது பாட்டுக்குக் கை நிற்காமல் கட்டிக்கொண்டிருந்தது.