கழுதையில் கட்டிய தார்ப்பாய்

என் கொழுந்தன் மகன் முத்திருளன் கடலைப் பார்த்ததே இல்லை. உசிலம்பட்டிக்கு மேற்கே கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றாலே எங்களுக்கு அது சமுத்திரம். அப்படிப்பட்டவன் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், அறுபத்துநாலில் அடித்த தனுஷ்கோடிப் புயலைப் பற்றி, நடந்ததை நடந்தபடி கதைபோலச் சொல்லும் தடித்த புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்தான். அதோடு போச்சு. வேப்பங்கிளை அசைந்தால் “காத்து திசை மாறுது” என்பான். குழம்பு கொதித்தால் அலை எம்புட்டு உயரம் என்று எட்டிப் பார்ப்பான்.

“சோறு திம்பியா, இல்ல புயல் கரையைக் கடந்த பெறகு போடவா?” என்பாள் அவன் பெண்டாட்டி ஒச்சாயி.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சொந்த வீடு கட்ட அவனே மண் மிதித்து அறுத்த செங்கல், காளவாசலில் சுடுவதற்கு முன் பச்சைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மழை போதும், வீடு மொத்தமும் சேறாகிவிடும்.

ஊருக்கோ மழைதான் வேண்டும். வானம் பொய்த்ததால் கழுதைக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஊரிலிருந்த ஒரே ஆண் கழுதை முத்திருளனுடையது. பூசாரி நல்லகாமன் கேட்க வந்தார்.

“மாப்ளய அவுத்து விடுப்பா. பொண்ணுக்குச் சேலை கட்டியாச்சு.”

“தாரேன்ணே. சாமிகிட்ட எம்புட்டு மழை கேக்கப் போறீங்க?”

“அதென்னடா, படி வச்சா அளக்கச் சொல்ற?”

“அளவு சொல்லாமக் கேட்டா என்ன வரும்னு இருநூறு பக்கம் எழுதியிருக்குண்ணே!”

கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை கட்டியது. கடைசியில், ஒரு தடவை உழுகிற அளவுக்கு மண் நனைகிற ஓர் உழவு மழை, அதற்கு மேல் ஒரு சொட்டும் கேட்பதில்லை என்று முடிவானது.

முத்திருளன் கல் அடுக்கின் மேல் தார்ப்பாய் விரித்தான். கனமான பொருளோடு கட்டு என்பது அவன் புத்தகத்தில் படித்துக்கொண்ட பாடம். ஒரு மூலையைப் புளியமரத்தில் கட்டினான், அடுத்ததை ஆட்டுரலில், மூன்றாவதை வண்டிச் சக்கரத்தில். நாலாவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை நின்றிருந்தது.

“கழுதையிலயாடா கட்டுற?” என்றேன்.

“அடிச்சாக்கூட நகராது பெரியம்மா, மலை மாதிரி நிக்கும்!”

அதுவும் உண்மைதான். ஒருமுறை அது ரோட்டில் நின்றுவிட, டவுன் பஸ் சோளக்காட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனதை நானே பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தேன். சோளக்கதிர் மடியில் விழுந்தது.

மாப்பிள்ளையை அவிழ்க்க விடமாட்டேன் என்று முத்திருளன் நின்றதால் கல்யாணமே கல் அடுக்குக்குப் பக்கத்தில் நடந்தது. தாலி ஏறியது. கொட்டு முழங்கியது. மணப்பெண் மாப்பிள்ளையின் காதருகே ஒரே ஒரு கத்தல் கத்தியது.

பிறந்ததிலிருந்து ஓடாத கழுதை ஓடியது! மற்ற மூன்று முடிச்சும் தெறிக்க, தார்ப்பாய் ரயில் பெட்டி மாதிரி பின்னால் பறக்க, உசிலம்பட்டிச் சந்தைக்குள் புகுந்தபோது புயலே வந்துவிட்டதென்று தக்காளிக்காரிகள் கூடைக்குள் உட்கார்ந்துகொண்டார்களாம்.

அப்புறம் மழை வந்தது. ஓர் உழவு மழை, ஒரு சொட்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஊர் குலவையிட்டது. முத்திருளனின் வீடு வாய்க்கால் வழியாக நல்லகாமன் வயலுக்குக் குடிபோனது.

“நான்தான் சொன்னேனே, புயல்ல மொதல்ல போறது கூரைதான்னு!” என்றான் சேற்றில் நின்றபடி.

“கூரையக் கழுதையில கட்டுன்னும் எழுதியிருந்துச்சா?” என்றாள் ஒச்சாயி.

அந்தப் புத்தகத்தை அடுத்து எடுத்தவள் நான். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘கழுதையில் கட்டக்கூடாது. இதை ஆசிரியர் குறிப்பிடவில்லை.’