அழுமூஞ்சி அழவில்லை

துண்டு நெய்யும் ஆலையில், செக்கிங் மேசை முன்னால் அவள் பதினோரு வருடமாக நின்றுவந்தாள். இழை விட்டதோ ஓரம் கோணியதோ, எதுவும் அவள் பார்வைக்குத் தப்பாது. ஆனால் கண் மட்டும் எப்போதும் சிவந்து நீர் கோத்திருக்கும். அதனால் ஆலையில் அவளுக்கு ஒரே பெயர்தான்: அழுமூஞ்சி. அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அரிப்பு உயிரை எடுக்கும். காலையில் இமையைப் பிரித்தால் பீளை நூல் நூலாக இழுபடும். "கண்ணைக் கசக்காதே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஏன் அரிக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "எப்பப் பாரு கண்ணைக் கசக்கிட்டு நின்னா வீடு விளங்குமா?" என்று நாத்தனார் வேறு.

தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். மறுநாளே கண் வெள்ளையானது; நிறுத்தினால் மறுபடி சிவந்தது. நான்கு வருடம், டாக்டர் சீட்டே இல்லாமல், அதையே வாங்கி விட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு வாரம் வலக்கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. பார்வை புகைந்தது. ஓட்டை விழுந்த மூன்று துண்டுக் கட்டுகள் அவள் கையைத் தாண்டிப் போய்விட்டன. சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்: "இந்தக் கண்ணோட வந்து எல்லாருக்கும் ஒட்ட வைக்கப் போறியா? சரியாகுற வரைக்கும் உள்ள கால் வைக்காதே!"

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேல் இமையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கூழாங்கல் பரப்பியதுபோல் புடைப்புகள், கருவிழியில் புண். இமையில் லேசாகச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி லேபுக்கு அனுப்பினார்.

லேபில் இருந்த பெண் அவளைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். "பாருங்கக்கா, செவப்புச் செவப்பா பொடி அடைச்ச மாதிரி தெரியுதுல்ல? இயோசினோபில். உங்க ரத்தத்துல இருக்கிற அணுதான்."

"என் அணுவா? அதுக்குக் கண்ணுல என்ன வேலை?"

"புழு பூச்சி உடம்புக்குள்ள வந்தா அடிக்கிற காவல்காரங்க. தூசியைப் பார்த்ததும் வேற சில அணுக்கள் எதிரி வந்துட்டான்னு கூவிடுது. இதுங்க கூட்டமா வந்து அந்தப் பொடியைக் கொட்டுது. அந்த விஷம்தான் கருவிழித் தோலை அரிச்சிருக்கு."

"அப்போ இது யாருக்கும் ஒட்டாதா?"

"ஒட்டவே ஒட்டாதுக்கா. இது அலர்ஜி."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. ஒட்டிவிடும் என்று ஆலையில் இத்தனை வருடம் அவளுக்குத் தனித் தம்ளர், தனி இருக்கை!

கைப்பையிலிருந்து அவள் எடுத்துக் காட்டிய சொட்டு மருந்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இது ஸ்டீராய்டு. அந்த அணுக்களை அடக்கும், சரிதான். ஆனா கண்ணோட பிரஷர் பார்க்காம வருஷக்கணக்கா விட்டா கண் நரம்பு போயிடும்." சோதித்தபோது இடக்கண்ணின் ஓரப் பார்வை போயிருந்தது. போனது திரும்பாது.

நேரே கடைக்குப் போனாள்.

"நீங்கதானே கேட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"நான் அரிப்புக்கு மருந்து கேட்டேன், குருடாக்கவா கேட்டேன்? சீட்டு எங்கேன்னு நாலு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருப்பீங்களா?" வாங்க வந்தவர்கள் விலகி நின்றார்கள். காலிக் குப்பிகளோடு மருந்து ஆய்வாளரிடம் அன்றே புகார் எழுதிக் கொடுத்தாள். கடை இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் திறந்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேறு வகைச் சொட்டு மருந்தில் புண் ஆறியது, புடைப்புகள் வற்றின. வேலைக்குத் திரும்பிய அன்று, இது ஒட்டும் நோயல்ல என்ற டாக்டர் கடிதத்தைச் சூப்பர்வைசரிடம் நீட்டினாள். அவர் வாங்கி மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க சார். அன்னிக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிதானே கத்துனீங்க? இதையும் அப்படியே படிங்க."

மற்ற மேசைகளில் வேலை நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

"சத்தமா" என்றாள்.